கணக்கெடுக்கப் புறப்பட்ட குமரப்பா



2024ஆம் ஆண்டு கோடை வறட்சியில் இடுக்கி மலைகளில் ஏலச்செடிகள் காய்ந்து கருகின. தோட்டம் காய்ந்தால் கூலி வேலையும் இல்லை என்பது சிலமலையிலிருந்தும் போடியைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் ஜீப்பில் மலையேறுகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகளாகிய உங்களுக்குத் தெரியும். பருவநிலை மாற்றம் உலகப் பிரச்சினை, இதில் கிராமத்து இளைஞர் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறீர்கள். பக்கத்து மாவட்டமான மதுரையின் தே. கல்லுப்பட்டியில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த ஒரு தமிழ்க் கிறித்தவரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்த அவருக்கு ஜோசப் செல்லத்துரை கொர்னேலியுஸ் என்று பெயர். இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று மும்பையில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் வறுமைக்கான காரணத்தை அரசின் வரவு செலவிலேயே தேடினார். அந்த ஆய்வுதான் 1929இல் அவரைக் காந்தியடிகளிடம் கொண்டு சேர்த்தது. மேனாட்டு உடையைக் களைந்து கதர் அணிந்தார். குடும்பத்தின் பழைய பெயரை ஏற்று ஜே.சி. குமரப்பா ஆனார்.

அவருக்குக் கிடைத்த முதல் பணி குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் பொருளாதாரக் கணக்கெடுப்பு. குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் நிலம், மாடு, வருமானம், கடன் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார்கள். அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏழ்மையைப் பற்றிப் பேச எல்லாராலும் முடியும்; அதை எண்ணிப் பார்க்க இளைஞர்களின் கால்கள் வேண்டியிருந்தன.

1934இல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்றார். வார்தாவில் செக்கு, கைக்காகிதம், மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு எனப் பல முயற்சிகள் நடந்தன. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர், அங்கே இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது; மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு; காடும் ஓடும் நீரும், அளவோடு எடுத்தால், வந்துகொண்டே இருக்கும் வரவு. இருப்பை நம்பி வாழும் நாடுகள் அதற்காகப் போரிடும் என்று அவர் எச்சரித்தார். புகையால் பூமி சூடாகும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்று நான் சொல்லவரவில்லை. கணக்கர் என்ற முறையில், முதலைத் தின்று வாழ்வது நெடுநாள் நடக்காது என்று கண்டார்.

திருமணம் செய்துகொள்ளாத அவர், நோயுற்ற உடலோடு கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிமையாக வாழ்ந்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், மறைந்தார்.

சிலமலையிலும் அப்படி ஒரு கணக்கு எடுக்கலாம். எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், எத்தனை ஆழ்குழாய்கள் வற்றின, மழை எந்த நாள்களில் பெய்தது, வறட்சியால் மலையில் எத்தனை நாள் வேலை போனது, எத்தனை வீட்டில் இன்னும் விறகு அடுப்பு. ஒரு கோடை விடுமுறையில் பத்துப் பேர் நோட்டும் பேனாவுமாகத் தெருத்தெருவாகச் சென்றால் போதும். அக்டோபர் 2 கிராமசபையில் அந்த நோட்டை நீங்களே எழுந்து வாசிக்கலாம்.