மரியா மாண்டிசோரி

மரியா மாண்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 – மே 6, 1952) இத்தாலிய மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். கையால் தொட்டு, எடுத்து, அடுக்கிச் செய்து பார்ப்பதன் மூலமே சிறுவர் கற்கின்றனர் என்னும் அடிப்படையில் இவர் உருவாக்கிய மழலையர் கல்வி முறை இவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது எதிரி நாட்டவராகக் கருதப்பட்டு இந்தியாவில் தங்க நேர்ந்த இவர், அக்காலத்தில் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் பணியாற்றினார்.

இளமையும் மருத்துவப் பணியும்

மரியா, இத்தாலியின் அங்கோனா மாநிலத்திலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் இப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி இவரே எனப் பலவிடங்களில் எழுதப்பட்டிருப்பினும் அது சரியன்று. இவருக்கு முன்னரே சிலர் பெற்றிருந்தனர். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றியபோது, இவர்களுக்குத் தேவைப்படுவது மருந்தினும் கல்வியே என்னும் முடிவுக்கு வந்தார்.

1898 இல் இவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தார். தந்தை உடன் பணியாற்றிய மருத்துவரான மொந்தேசானோ ஆவார். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. உலகக் குழந்தைகளுக்காக உழைத்தவர் தம் குழந்தையைத் தம்முடன் வைத்து வளர்க்க இயலாதிருந்தார் என்பது இவர் வரலாற்றின் துயரமான பகுதி.

குழந்தைகள் இல்லம்

ஜனவரி 6, 1907 அன்று ரோம் நகரின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கட்டடத்தைப் பாழ்செய்யாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே உரிமையாளர்களின் நோக்கமாயிருந்தது. மாண்டிசோரி அதனைத் தம் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார்.

ஒரு செண்டிமீட்டர் முதல் பத்து செண்டிமீட்டர் வரை பக்க அளவுள்ள பத்துக் கனசதுரங்களை அடுக்கும் இளஞ்சிவப்புக் கோபுரம், விரலால் தடவிப் பழகும் உப்புத்தாள் எழுத்துகள், பதின்ம எண்களை உணர்த்தும் பொன்மணிகள் ஆகியன இம்முறையின் புகழ்பெற்ற கருவிகள். மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புத்தாள் எழுத்து புதுமையாய்த் தோன்றியிராது. நீர் ஊற்றுதல், பொத்தான் மாட்டுதல், தரை கூட்டுதல் போன்ற அன்றாட வேலைகளும் இங்கு பாடங்களே.

விழாக்களையும் இவ்வகையில் கற்பிக்கலாம். யூதக் குழந்தைகள் பயிலும் மழலையர் வகுப்புகளில் அனுக்கா விழாவின் எட்டு நாள்களும் நாளுக்கொரு மெழுகுவர்த்தியைக் கூட்டி எண்ணுகின்றனர். நான்கு பக்கமுள்ள பம்பரத்தைச் சுழற்றுகின்றனர். கார்த்திகையில் அகலுக்கு எண்ணெய் ஊற்றித் திரியிடுவதும், கொலுப்படி அடுக்குவதும் இதற்கு ஒப்பானவை.

இந்திய வருகை

இவர் வருவதற்கு முன்னரே இம்முறை இந்தியாவில் அறிமுகமாகியிருந்தது. கிஜுபாய் பதேகா 1920 இல் குசராத்தின் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். 1931 இல் காந்தியடிகள் லண்டனில் மாண்டிசோரியைச் சந்தித்தார்.

முசோலினி ஆட்சியுடன் ஏற்பட்ட பிணக்கால் 1934 இல் இத்தாலியை விட்டு வெளியேறிய மாண்டிசோரி, 1936 இல் எசுப்பானிய உள்நாட்டுப் போரால் பார்சிலோனாவையும் விட்டு நெதர்லாந்தில் குடியேறினார். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர் மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில் மகனுடன் சென்னை வந்தார். அடையாற்றில் ஏறத்தாழ 300 பேர் பயிற்சி பெற்றனர். இவர் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதங்களே தங்குவதாகத் திட்டம். ஆனால் ஜூன் 1940 இல் இத்தாலி பிரித்தானியாவுக்கு எதிராகப் போரில் இறங்கியது. மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரி சபை வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. மரியோவின் நான்கு பிள்ளைகளோ நெதர்லாந்தில் இருந்தனர். இவரது எழுபதாம் பிறந்தநாளன்று வைசிராய் மரியோவை விடுவித்தார். அதுவரை உறவினர் எனவே பலருக்கு அறிமுகப்படுத்தப்பட்டு வந்தவரை, அரசின் தந்தி மகன் எனவே குறிப்பிட்டது.

கொடைக்கானலில்

1942 இல் இருவரும் கொடைக்கானலுக்குச் சென்றனர். மதுரையிலிருந்து வாடிப்பட்டி வழியே திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையிலுள்ள கொடை ரோடு நிலையமே இம்மலைக்குத் தொடர்வண்டியில் வருவோர் இறங்குமிடம். மலையில் ஒரு சிறு பள்ளி உருவானது. வெவ்வேறு அகவைப் பிள்ளைகள் அங்கு ஒன்றாகப் பயின்றனர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன துணைநின்றார். செடி, பூச்சி, பாறை, நீர் என மலையே கற்றல் கருவியாயிற்று. ஆறு முதல் பன்னிரண்டு அகவையினருக்கான அண்டக் கல்வி என்னும் கருத்து இங்கு வளர்ந்தது. மூன்று அகவைக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றிய சிந்தனையும் இந்திய ஆண்டுகளில் ஆழம்பெற்றது.

இதே காலத்தில் ஐரோப்பாவில் நிலைமை வேறாயிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு மாண்டிசோரி பள்ளியில் பயின்ற ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமி, 1941 இல் யூதப் பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட தடையால் தனிப் பள்ளிக்கு மாற நேர்ந்தது. 1942 முதல் மறைந்து வாழ்ந்த அவர், அவ்வாண்டு அனுக்காவை மறைவிடத்திலேயே கொண்டாடினார்.

இறுதிக் காலம்

1944 இல் மலையிறங்கிய மாண்டிசோரி அவ்வாண்டே இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். 1946 இல் ஐரோப்பா திரும்புவதற்குள் இவரிடம் பயின்ற ஆசிரியர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆவர். 1947 இல் மீண்டும் வந்தார். அகமதாபாத் உரைகளின் அடிப்படையிலான, உள்வாங்கும் மனம் பற்றிய இவரது ஆங்கில நூல் 1949 இல் அடையாற்றில் வெளியானது. மே 6, 1952 அன்று நெதர்லாந்தின் நூர்ட்வைக் கடற்கரை ஊரில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மாண்டிசோரி என்னும் பெயர் எவரது தனியுரிமையும் அன்று. ஆகையால் தமிழ்நாட்டில் இப்பெயர்ப்பலகை தாங்கிய மழலையர் பள்ளிகள் அனைத்திலும் இளஞ்சிவப்புக் கோபுரத்தை எதிர்பார்க்க இயலாது.