மடத்துக்குள்ளே மனம் மாறியவர்: அவிலா நகர் புனித தெரேசா

மனமாற்றம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர்கள் புனித பவுலும் புனித அகுஸ்தினாரும்தான். திருச்சபையைத் துன்புறுத்தியவர் ஒருவர், மனம்போன போக்கில் வாழ்ந்தவர் மற்றவர். அவர்களுக்கு மனமாற்றம் தேவைப்பட்டது, சரி. ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் போகிற, இரவில் குடும்பமாகச் செபமாலை சொல்லுகிற நமக்கு அது எதற்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படி எண்ணும்போது நாம் பார்க்க வேண்டியவர் அவிலா நகர் புனித தெரேசா. ஆண்டவர் அவரை உலுக்கி எழுப்பியபோது அவருக்கு வயது 39. மடத்தில் சேர்ந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் ஆலயங்களில் ரோசா மலர்களோடு சுரூபமாக நிற்கும் குழந்தை இயேசுவின் தெரேசா வேறு, இவர் வேறு. இவர் அவருக்கு 350 ஆண்டுகளுக்கும் மேலாக மூத்தவர். 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் பிறந்தவர். நம் கடற்கரை மக்கள் போற்றும் புனித சவேரியாரோடு ஒரே நாளில், 1622ஆம் ஆண்டில், புனிதர் பட்டம் பெற்றவர். 1970ஆம் ஆண்டு திருத்தந்தை 6ஆம் பவுல் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். பெண்களில் இந்தப் பெருமையை முதலில் பெற்றவர் இவரே.

ஏழு வயதில் தம் உடன்பிறந்த ரொட்ரிகோவையும் கூட்டிக்கொண்டு, மறைசாட்சியாக மரிக்க வேண்டும் என்று வீட்டை விட்டுப் புறப்பட்ட சிறுமி அவர். நகர மதிலைத் தாண்டியதும் உறவினர் ஒருவர் கண்டு வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்துவிட்டார். வளர்ந்தபின் அந்த ஆவல் மங்கியது. வீரர்களின் காதல் கதைகளும் அழகிய உடைகளும் பிடித்துப்போயின. தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். 1535ஆம் ஆண்டு, தந்தையின் சம்மதம் இல்லாமலேயே, அவிலாவில் இருந்த மனிதவதார கார்மேல் மடத்தில் சேர்ந்தார். இறையன்பை விட நரகத்தைப் பற்றிய அச்சமே தம்மை அங்கே கொண்டு சேர்த்ததாகப் பின்னாளில் அவரே ஒளிக்காமல் எழுதினார்.

விரைவில் கடும் நோய் வந்தது. 1539ஆம் ஆண்டு ஏறத்தாழ நான்கு நாள்கள் நினைவின்றிக் கிடந்தார். மடத்தில் அவருக்குக் கல்லறைக் குழியும் வெட்டிவிட்டார்கள். கண் விழித்தார், ஆனால் மூன்று ஆண்டுகள் போல எழுந்து நடமாட முடியவில்லை. குணமடைந்ததைப் புனித சூசையப்பரின் பரிந்துரையால் கிடைத்த வரமாகவே கருதினார்.

இனிதான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய பகுதி வருகிறது. இவ்வளவு பெரிய நன்மையைப் பெற்றவர் தளர்ந்துபோனார். அந்த மடத்தில் சகோதரிகள் மிகப் பலர், வருமானமோ போதாது. எனவே பார்வையாளர்கள் வருவதும், அவர்களோடு பேசிக்கொண்டிருப்பதும் வழக்கமாகிவிட்டது. தெரேசா பேச்சில் கெட்டிக்காரர். அவரைத் தேடி நிறையப் பேர் வந்தார்கள். பெரிய பாவம் என்று சொல்லும்படி எதுவும் அங்கே நடக்கவில்லை. ஆனால் உள்ளம் மெல்ல மெல்லச் சிதறியது. ஒரு கட்டத்தில், இப்படி இருக்கிற நான் எந்த முகத்தோடு ஆண்டவர் முன் தனியே உட்காருவது என்று வெட்கப்பட்டு, தியான செபத்தை விட்டுவிட்டார். ஓராண்டுக்கும் மேல் அதன் பக்கம் போகவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து வாயால் சொல்லும் செபங்கள் மட்டும் நடந்தன.

அப்படிச் செபிக்கத் தம் தந்தைக்குக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். தந்தை அதில் உறுதியாக வளர்ந்து, மகளோடு அதைப் பற்றிப் பேச மடத்துக்கு வருவார். நான் இப்போது அப்படிச் செபிப்பதில்லை என்று மகள் சொல்லி, உடல்நலக் குறைவைக் காரணம் காட்டினார். அந்த நல்ல மனிதர் நம்பி இரக்கப்பட்டார்.

தம் வாழ்நாளில் தமக்கு நேர்ந்த மிகப் பெரிய சோதனை இதுதான் என்று தெரேசா பின்னர் கருதினார். வீண்பேச்சைக்கூட அவர் அவ்வளவு பெரிதாக எண்ணவில்லை. தகுதி இல்லை என்று சொல்லிக்கொண்டு செபத்தை விட்டதைத்தான் பெரிதாக எண்ணினார். தாழ்ச்சி போலத் தெரிந்தது, உண்மையில் தாழ்ச்சி அல்ல. முதலில் திருந்திவிட்டு அப்புறம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம் என்று நாம் தள்ளிப்போடும் ஆண்டுகளை இங்கே எண்ணிப் பார்க்கலாம். நோய் தீர்ந்தபின் மருத்துவரிடம் போகிறேன் என்பதைப் போலத்தான் அது.

1543ஆம் ஆண்டு இறுதியில் தந்தை இறந்தார். அவருடைய ஆன்ம குருவாக இருந்த தோமினிக்கன் சபைக் குரு ஒருவரிடம் தெரேசா தம் நிலையைத் திறந்து சொன்னார். செபத்தை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்றார் அவர். தெரேசா மீண்டும் தொடங்கினார், பின் விடவே இல்லை. உடனே எல்லாம் இனித்துவிட்டதா என்றால் இல்லை. பத்து ஆண்டுகள் போல அது போராட்டமாகவே இருந்தது. குறித்த ஒரு மணி நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த நாள்கள் பல. ஆனாலும் மறுநாள் போய் உட்கார்ந்தார். இந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி மறையுரைகளில் நாம் அதிகம் கேட்பதில்லை. அவருடைய காட்சிகளும் பரவசங்களும்தான் பேசப்படுகின்றன. நமக்கு அதிகம் உதவுவது இந்தப் பத்து ஆண்டுகளே.

1554ஆம் ஆண்டு ஒரு நாள். மடத்தில் விழா ஒன்றுக்காகக் கொண்டுவந்திருந்த, காயங்கள் நிறைந்த கிறிஸ்துவின் சுரூபம் செபக்கூடத்தில் இருந்தது. தற்செயலாக அதைக் கண்ட தெரேசா உள்ளம் உடைந்து அதன் முன் விழுந்து அழுதார். அதே காலத்தில் புனித அகுஸ்தினாரின் வாழ்க்கை நூலும் அவர் கைக்கு வந்தது. அன்று முதல் அவர் வேறு ஆளானார்.

அந்தப் புதுவாழ்வு அவரைத் தனிமையில் இன்பம் காணும்படி ஒதுக்கி வைக்கவில்லை. 1562ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், நான்கு பெண்களோடு புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்கினார். சிறிய வீடு, நிலையான வருமானம் கிடையாது, நாள்தோறும் தியான செபமும் கைவேலையும். ஊரே எதிர்த்தது, நகர சபை வழக்குத் தொடுத்தது. 1567 முதல் வண்டியிலும் கோவேறு கழுதையிலும் ஊர் ஊராகப் போய், இறப்பதற்குள் 17 மடங்களை அவர் உருவாக்கினார். புனித சிலுவை அருளப்பரின் துணையோடு ஆண் துறவியரிடையேயும் சீர்திருத்தம் தொடங்கியது.

மடத்தலைவியாக இருந்தபோதும் சமையலறையில் தம் முறை வந்தால் அடுப்படிக்குப் போனார். சமையல் செய்யப் போகும் சகோதரி ஆண்டவரை விட்டு விலகுவதாக வருந்த வேண்டாம், அவர் அங்கேயும் உடன் இருக்கிறார் என்பது அவர் தம் சகோதரிகளுக்குத் தந்த பாடம். அவருடைய கடிதங்களில் 400க்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. ஆழ்ந்த செப அனுபவத்தை எழுதிய அதே கை, வீடு வாங்கும் கணக்கையும் கடனையும் காய்ச்சலுக்கு மருந்தையும் எழுதியிருக்கிறது.

1571ஆம் ஆண்டு பழைய மடத்துக்கே அவரைத் தலைவியாக அனுப்பினார்கள். அங்கே பல சகோதரிகள் வாசலிலேயே கூச்சலிட்டுத் தடுத்தார்கள். முதல் கூட்டத்துக்கு அவர்கள் வந்தபோது, தலைவியின் இருக்கையில் அன்னை மரியாவின் சுரூபம் இருந்தது. மடத்தின் சாவிகள் அன்னையின் கையில். தெரேசா அன்னையின் காலடியில் அமர்ந்திருந்தார். சண்டை போட வந்தவர்களுக்குப் பேச வாய் எழவில்லை.

1582ஆம் ஆண்டு, 67 வயதில், பூர்கோஸ் நகரில் கடைசி மடத்தைத் தொடங்கிவிட்டு, நோயோடு அவிலாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் அவருடைய மேலாளர் வேறு கட்டளை தந்தார். ஆல்பா என்ற ஊரில் பிரபு குடும்பத்து இளம்பெண்ணுக்குப் பிரசவம், அங்கே போய் உடனிருக்க வேண்டும் என்று. கீழ்ப்படிந்து வண்டியைத் திருப்பினார். போய்ச் சேருமுன்பே குழந்தை பிறந்துவிட்டது. அந்த ஊர் மடத்திலேயே படுக்கையில் விழுந்து, திருச்சபையின் மகளாக மரிப்பதற்கு நன்றி சொல்லியபடி அக்டோபர் 4ஆம் நாள் இரவு உயிர் துறந்தார். அந்த ஆண்டில் நாள்காட்டியைத் திருத்தியதால், மறுநாள் விடிந்தது அக்டோபர் 15. அந்த நாளில்தான் அவருடைய திருநாளைக் கொண்டாடுகிறோம்.