தீர்ப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்சீப்

தன் வழக்கு எதனால் தோற்றது என்று வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொள்ளும் மனிதரை நினைத்துப் பாருங்கள் நண்பர்களே! மேல்கோர்ட்டுத் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்த அந்தக் காலத்து முன்சீப்தான் வேதநாயகம் பிள்ளை.

1826-ல் திருச்சி அருகே குளத்தூரில் பிறந்தவர். கோர்ட்டில் ஆவணங்களைக் காக்கும் வேலையில் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, 1857-ல் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி என்று போய் மாயூரத்தில் பல வருஷம் இருந்ததால் அந்த ஊர் பேரோடு ஒட்டிக்கிச்சு.

1859-ல் 'நீதி நூல்' வந்தது. லஞ்சத்தைக் கண்டிக்க அதில் தனி அதிகாரமே உண்டு. உபதேசம் யார் வேணும்னாலும் பண்ணலாம். லஞ்சம் தேடி வருகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பண்ணினாரே, அதுதான் பெரிசு!

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. 1805 முதல் 1861 வரை வந்த ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்த நம்ம தாத்தா பாட்டிகளுக்குத்தான் அதன் அருமை தெரியும். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வெளியானது. அதிலும், தமிழ்நாட்டுக் கோர்ட்டில் ஆங்கிலத்தில் வாதாடும் தமிழ் வக்கீல்களை ஒரு பிடி பிடித்திருக்கிறார்.

பெண்கள் படிக்கணும் என்று 'பெண்மதி மாலை'யும் எழுதினார். காலமானது 1889-ல்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தன் கைப்பொருளை எடுத்துப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். அதைப் பார்த்து உருகி கோபாலகிருஷ்ண பாரதியார் இவர்மேல் கீர்த்தனையே பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர், ஒரு கிறிஸ்தவர்மேல்!