டிகிரி இல்லாத டாக்டர் சாலிம் அலி

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மாணவர் மன்றத்தில் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. காதல் கவிதை எழுத நம்ம கல்லூரியில் ஆள் பஞ்சமும் இல்லை. ஆகவே எனக்குப் பிடித்த ஒரு மனிதரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கதாநாயகனிடம் பட்டம் கிடையாது. அதனால் அவருக்கு ஒரு வேலை கிடைக்காமல் போனது. 'டிப்ளமோதானா?' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நமக்கு இந்தக் கதை சட்டென்று புரியும்!

அவர்தான் பறவை அறிஞர் சாலிம் அலி. 1896 நவம்பர் 12இல் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் அப்பா போய்விட்டார், மூன்று வயதில் அம்மாவும். தாய்மாமன் அமிருத்தீன் தையப்ஜிதான் வளர்த்தார். மாமா வேட்டைப் பிரியர். பையன் கையிலும் ஒரு ஏர்கன். சுமார் பத்துப் பன்னிரண்டு வயதில் அவன் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவைக் கேட்டான். அவருக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். வெள்ளைக்காரத் துரையாச்சே என்று பயந்து பயந்து போன சிறுவனுக்கு, மில்லார்டு கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அன்று பிடித்த பைத்தியம் தொண்ணூறு வயது வரை தெளியவில்லை.

படிப்பு? அதைக் கேட்காதீர்கள். கல்லூரிக் கணக்குப் பாடம் அவரை விரட்டியது. பர்மாவில் தவாய் என்ற ஊரில் குடும்பத்துக்கு வுல்ஃப்ராம் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. அங்கே போனார். சுரங்கத்தைவிடச் சுற்றியிருந்த காட்டைத்தான் அதிகம் பார்த்தார். 1917இல் திரும்பி வந்து வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். கூடவே சேவியர் கல்லூரியில் விலங்கியல் வகுப்பு. பட்டம் மட்டும் வாங்கவில்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பதவி ஒன்று காலியானபோது, பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அது வேறொருவருக்குப் போனது. இந்தியப் பறவைகளைப் பற்றி எழுத வேண்டிய கை அது! சான்றிதழைப் பார்த்தவர்கள் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. மாதம் 350 ரூபாய். இரண்டு வருடத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார். பெர்லினில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் பட்டத்தைக் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டார். ஹெலிகோலாந்து தீவில்தான் பறவையின் காலில் வளையம் மாட்டும் வித்தையை நம்மவர் பழகினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

1930இல் ஊர் திரும்பினால் வேலையே இல்லை. பணமில்லை என்று பதவியையே ஒழித்துவிட்டார்கள். மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்து வீட்டுக்குப் போனார். வேறு ஒருவராக இருந்தால் இடிந்து உட்கார்ந்திருப்பார். இவரும் உட்கார்ந்தார், தூக்கணாங்குருவிக் கூடுகளுக்கு எதிரே! ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால்தான் குடிவரும். அப்புறம்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். உடனே பக்கத்தில் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை எதிர்பார்க்கும். வேலை போன ஒருவர் கண்டு எழுதிய இந்த உண்மைதான் அவரை உலகுக்குக் காட்டியது.

பிறகு சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், போபால் என்று போய்க்கொண்டே இருந்தார். சம்பளம் வேண்டாம், முகாம் செலவைக் கொடுத்தால் போதும் என்பது அவர் ஒப்பந்தம். தெஹ்மினாவும் கூடாரத்தில் கூடவே இருந்தார். 1939இல் ஒரு சிறு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்துபோனார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய முதல் நூல் வந்தது. இன்றும் விற்கிறது. டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய 10 தொகுதிக் கையேடு 1974இல் முடிந்தது.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு தகவல். மனிதர் மோட்டார் சைக்கிள் பித்தர்! ஹார்லி டேவிட்சன், டக்ளஸ், சன்பீம் என்று மாற்றி மாற்றி வைத்திருந்தார். 1950இல் ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குச் சன்பீமைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய், ஐரோப்பாவில் ஓட்டிக்கொண்டு போய் இறங்கினார். இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டாரோ என்று சிலர் வாய் பிளந்தார்களாம்.

இனி நம்ம ஊர். எனக்கு வேதாரண்யம் பக்கம். கோடியக்கரைக்கு அவர் 1962இல் வந்து பார்த்து, இது காப்பாற்ற வேண்டிய இடம் என்று கண்டுகொண்டார். 1967இல் சரணாலயம் ஆனது. அதற்குள் வேறொரு கதையும் நடந்திருந்தது. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா பக்கம் குரங்குகள் செத்து விழுந்து, மனிதருக்கும் காய்ச்சல் பரவியது. கியாசனூர்க் காய்ச்சல். கிருமி ரஷ்யாவில் இருந்த ஒன்றைப் போலிருந்ததால், அங்கிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவோ என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது, சாலிம் அலியின் வளைய வேலை பெரிதாக வளர்ந்தது. பறவைகள் மீதான சந்தேகம் கடைசியில் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் வலசையைப் பற்றி நமக்குத் தெரிய வந்தது ஏராளம். 1980களில் கழகத்தின் முகாம் கோடியக்கரையில் வருடக் கணக்கில் நடந்தது. சதுப்பில் வலை கட்டி, பறவையைப் பிடித்து, தராசில் எடை பார்த்து, நம்ம லேபில் இருக்கிற அதே வெர்னியர் காலிப்பரால் அலகை அளந்து, எண் போட்ட அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவார்கள். அளவு எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்!

ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் நேரம் உப்பளப் பக்கம் போனால் உள்ளான்கள் வந்து இறங்கியிருக்கும். கொசு உள்ளான் ஒரு கைப்பிடிதான், முப்பது கிராம்கூட இருக்காது. அது ஆர்க்டிக் ஓரத்துச் சைபீரியத் தரிசில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. முதலில் வருபவை பெரிய பறவைகள். வளைமூக்கு உள்ளானின் மார்பில் இனப்பெருக்கக் காலத்துச் செங்கல் நிறம் அங்கங்கே திட்டாக மிச்சம் இருக்கும். குஞ்சுகள் பிறகு, அப்பா அம்மா துணையில்லாமல் வந்து சேரும். வழி யார் சொன்னது? இந்தக் கேள்விதான் சாலிம் அலியைத் தள்ளாத வயதிலும் சதுப்புக்கு இழுத்தது. சின்ன உள்ளான்கள் இங்கே முன்போல் இல்லை என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வளைமூக்கு உள்ளானை 2024இல் உலக அளவிலேயே ஆபத்துக்கு உள்ளாகும் இனமாகச் சேர்த்துவிட்டார்கள். உப்பளமும் நன்னீர் வரத்துக் குறைவும் சதுப்பை மாற்றுவதை இங்கே பிறந்தவன் என்ற முறையில் நானும் பார்க்கிறேன்.

1958இல் பத்ம பூஷண், 1976இல் பத்ம விபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர். 'டாக்டர்' என்பது பல்கலைக்கழகங்கள் தாமாகவே கொடுத்த கௌரவம். 1987 ஜூன் 20இல் 90 வயதில் மறைந்தார். 1990இல் கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவை ஆய்வு மையம் வந்தது. நம்ம மேகமலையில் கிடைத்த ஒரு பழந்தின்னி வௌவாலுக்கும் அவர் பெயர்தான். பறவை மனிதருக்கு வௌவால்!

கோடியக்கரைக்குப் போக நினைப்பவர்கள் வேதாரண்யத்தில் இறங்கிப் பஸ் மாறுங்கள். காலையில் வெயில் ஏறும் முன் போங்கள், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பைனாகுலர் கையில் இருந்தால் பறவையின் காலைப் பாருங்கள். வளையம் இருந்தாலும் இருக்கும்.