குழலுக்கேற்ற ரவை: சேர் ஜோசப் விட்வேர்த்தின் வாழ்வு

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே மனம் கசக்கும் ஒரு தேசத்தில் வாழும் நாம், துப்பாக்கியோடு பெயர் பிணைந்துபோன ஒருவரைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயினும் சேர் ஜோசப் விட்வேர்த்தின் வாழ்வை ஆராய்ந்தால், அவர் தேடியது ஆயுதத்தை அல்ல, பொருத்தத்தை என்பது புலனாகும். அந்தத் தேடல் அவரை எங்கு கொண்டு சென்றது என்பதே நாம் இங்கு நோக்க வேண்டிய விடயமாகும்.

1803 ஆம் ஆண்டு டிசம்பர் 21 ஆம் திகதி இங்கிலாந்தின் ஸ்ரொக்போர்ட் நகரில் பிறந்தவர் அவர். தந்தையார் பள்ளி ஆசிரியராக இருந்து பின்னர் மதபோதகரானவர். பதினான்கு வயதில் மாமனாரின் பருத்தி ஆலையில் சேர்க்கப்பட்ட சிறுவனுக்கு ஆலையின் கணக்கு வழக்குகளைவிட அதன் இயந்திரங்களே பிடித்திருந்தன. சில ஆண்டுகளில் ஆலையை விட்டு நீங்கி மன்செஸ்டரில் சாதாரண தொழிலாளியானார். 1825 இல் இலண்டன் சென்று ஹென்றி மோட்ஸ்லேயின் பட்டறையில் பணியாற்றினார். உண்மையிலேயே சமதளமான உலோகத் தட்டை உருவாக்குவதற்கு ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று தட்டுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றி ஒப்பிட்டுச் சுரண்ட வேண்டும் என்ற முறையை அவர் செம்மைப்படுத்திய காலம் இதுவே. இரண்டு தட்டுகள் மட்டுமெனில், ஒன்றின் குழிவும் மற்றதன் குவிவும் பொருந்தி நம்மை ஏமாற்றிவிடும்.

1833 இல் மன்செஸ்டரில் சொந்தத் தொழிற்சாலையை நிறுவினார். அக்காலத்தில் ஒரு பட்டறையின் திருகாணி இன்னொரு பட்டறையின் நட்டுக்குள் நுழையாது. பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டி, அவற்றின் சராசரியைக் கணித்து, 55 பாகை கோணத்தில் ஒரே சீரான புரியை 1841 இல் அவர் முன்மொழிந்தார். 1851 ஆம் ஆண்டின் மாபெரும் கண்காட்சியில், ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக்கூட அளக்கவல்ல இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தார்.

இப்படிப்பட்டவரிடந்தான் 1854 இல், கிரிமியப் போரின்போது, பிரித்தானியப் படைகளின் தளபதியான ஹார்டிங் பிரபு உதவி நாடினார். என்ஃபீல்ட் துப்பாக்கிகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்ய இயந்திரங்கள் வேண்டும் என்பதே கோரிக்கை. விட்வேர்த்தோ, எது நல்ல துப்பாக்கி என்பதை முதலில் கண்டறியாமல் அதற்கு இயந்திரம் செய்வது வீண் வேலை என்ற நிலைப்பாட்டை எடுத்தார். அரசும் இணங்கியது. மன்செஸ்டருக்கு அருகில் தமது இல்லத்துப் புறத்தே 500 யார் நீளமான மூடிய கூடமொன்று எழுந்தது. காற்றின் தொல்லையின்றிச் சுட்டு, இடையிடையே தொங்கவிடப்பட்ட மெல்லிய தாள்களில் விழுந்த துளைகளைக் கொண்டு ரவையின் பாதையை அவர் அளந்தார்.

அவர் எதிர்கொண்ட சிக்கலைச் சற்று விளக்குவது அவசியம். என்ஃபீல்டின் குழல் உள்விட்டம் 0.577 அங்குலம், அதன் ரவையோ 0.568 அங்குலம். பின்னாளில் அது 0.55 அங்குலமாகவும் குறைக்கப்பட்டது. கரிமருந்தின் கசடு படியப் படியக் குழல் ஒடுங்கும். ஆகவே வாய்ப்புறமாகத் திணிக்க வேண்டிய ரவை சிறிது தளர்வாக இருந்தே ஆகவேண்டும். வெடித்ததும் ரவையின் அடிக்குழிவு விரிந்து குழலின் காடிகளைப் பற்றிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு ரவையும் ஒரே அளவில் விரியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? தளர்ந்தால் வாயு பக்கவாட்டில் கசியும், சுழற்சி குறையும், குறி தவறும்.

விட்வேர்த் இந்த ஊகத்தையே ஒழிக்க முயன்றார். குழலை வட்டமாகத் துளைக்காமல் அறுகோணமாக அமைத்தார். அதனைச் சுருளாக முறுக்கினார். ரவையையும் அதே முறுக்குடன் அறுகோணமாகச் செதுக்கினார். அகலத்தை 0.451 அங்குலமாக ஒடுக்கி, ரவையை நீட்டி, 530 கிரெயின், அதாவது சுமார் 34 கிராம், எடையைக் காத்தார். என்ஃபீல்டில் 78 அங்குலத்திற்கு ஒரு முறை சுழன்ற ரவை, இதில் 20 அங்குலத்திற்கு ஒரு முறை சுழன்றது. நீண்ட ரவைக்குக் கூடிய சுழற்சி வேண்டும் என்பதே அவரது கண்டுபிடிப்பின் சாரம். அறுகோணம் எமக்குக் கவர்ச்சியாகத் தோன்றினும் அது இரண்டாம்பட்சமே.

1857 இல் நிகழ்ந்த போட்டிச் சோதனைகளில் 500 யார் தூரத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வேர்த்தினது 0.37 அடி. 1100 யாரில் முறையே 8.04 அடியும் 2.62 அடியும். இத்தனைக்கும் பின்னர் இராணுவம் அதை ஏற்கவில்லை! போர்க்களத்துக்கு உள்விட்டம் மிகச் சிறிது, கசடு விரைவில் அடைக்கும், விலையோ பல மடங்கு என்று காரணங்கள் கூறப்பட்டன. இவற்றை வெறும் பிடிவாதம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கச்சிதமாகப் பொருந்தும் ரவையே கசடேறிய குழலில் முதலில் சிக்கும். எனினும் பின்லோடிங் முறை வந்த பிறகு, 1871 இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி ஹென்றி துப்பாக்கி 0.45 அங்குல உள்விட்டத்தையே கொண்டிருந்தது.

1860 ஜூலை 2 ஆம் திகதி விம்பிள்டனில், 400 யார் தூரத்து இலக்கை நோக்கி விக்டோரியா மகாராணியார் முதற் சூட்டைத் தொடக்கி வைத்தது விட்வேர்த் துப்பாக்கியாலேயே. தாங்கியில் முன்னரே குறிவைத்துப் பொருத்தப்பட்டிருந்தமையால் அவர் கயிற்றை இழுப்பதே போதுமாயிருந்தது. ரவை மையத்திலிருந்து சுமார் ஒன்றேகால் அங்குலத்தில் பதிந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரிலோ காட்சி வேறு. சிறு தொகையான விட்வேர்த் துப்பாக்கிகள் தென்பகுதியினரின் குறிசுடுநர்களின் கைகளுக்குச் சென்றன. 1864 மே 9 ஆம் திகதி ஸ்பொற்சில்வேனியாவில் வடபகுதித் தளபதி ஜோன் செட்ஜ்விக் தொலைதூரச் சூட்டில் மாண்டது இத்துப்பாக்கியாலேயே என்று பரவலாக நம்பப்படுகிறது. மில்லிமீற்றரின் நுண்பகுதிகளைத் துரத்திய மனிதரின் உழைப்பு, ஒரு மனிதனின் முகத்தில் போய் முடிந்தது.

விட்வேர்த் பின்னர் பீரங்கிகளையும் உருவாக்கி ஆம்ஸ்ட்ரோங்குடன் கடும் போட்டியில் ஈடுபட்டார். 1868 இல் ஆண்டுக்கு 3000 பவுண் ஒதுக்கி, இளம் பொறியியலாளருக்கு முப்பது புலமைப்பரிசில்களை நிறுவினார். 1869 இல் பரோனெற் பட்டம் பெற்றார். 1887 ஜனவரி 22 ஆம் திகதி மொன்ரே கார்லோவில் காலமானார். பத்தாண்டுகளின் பின், 1897 இல், அவரது நிறுவனம் அதே ஆம்ஸ்ட்ரோங்கின் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.