ஒரே ஓர் ஆட்டம்: கோலாலம்பூரில் பிறந்த லால் சிங்

மாணவர்களே, காற்பந்தும் பூப்பந்தும் பழகிய நாடு நம்முடையது. கிரிக்கெட் ஆட்டத்தின் பதிவு அட்டையைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் குறைவு. ஆனாலும் ஓர் அட்டையை நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். 1932 ஜூன் 25ஆம் தேதி இலண்டன் லார்ட்ஸ் திடலில் தொடங்கிய ஆட்டத்தின் அட்டை அது. இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டம். அதில் மலாயாவில் பிறந்த ஒருவரின் பெயரும் இருக்கிறது.

லால் சிங் 1909 டிசம்பர் 16இல் கோலாலம்பூரில் பிறந்தவர், சீக்கியர். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்திருந்த கூட்டரசு மலாய் மாநிலங்களின் அணியில் ஆடினார். இங்கிலாந்து செல்லும் இந்திய அணிக்கு அவரும் தேர்வானபோது வயது 22. டெஸ்ட் ஆடிய முதல் சீக்கியர் அவரே.

அந்த ஆட்டத்தை எதிர்பார்த்தவர்கள் இந்தியாவுக்குப் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர்கள் ஹோம்ஸும் சட்கிளிஃபும் அதற்குச் சில நாள் முன்புதான் யார்க்‌ஷயர் அணிக்காக இருவருமாகச் சேர்ந்து 555 ஓட்டங்கள் குவித்திருந்தார்கள். லார்ட்ஸில் முகமது நிசார் அந்த இருவரின் ஸ்டம்புகளையும் தகர்த்தார். சட்கிளிஃப் 3, ஹோம்ஸ் 6. அடுத்து 45 வயது ஃபிராங்க் வுல்லி, அக்காலத்தின் மிகச் சிறந்த இடக்கை மட்டையாளர்களில் ஒருவர். லால் சிங் பந்தைப் பாய்ந்து பிடித்து எறிந்தார். வுல்லி 9 ஓட்டங்களில் ரன் அவுட். இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்து நின்றது.

இனி அட்டையைப் பாருங்கள். வுல்லியின் பெயருக்கு எதிரே ரன் அவுட், 9 என்று மட்டும் இருக்கும். எறிந்தவர் பெயர் இல்லை. கேட்ச் பிடித்தால் பெயர் உண்டு, பந்து வீசி வீழ்த்தினாலும் உண்டு. ஓடிப்போய் எறிந்து வீழ்த்தியவருக்கு அன்றைய வழக்கப்படி அட்டையில் இடமில்லை. அமெரிக்கர்களின் பேஸ்பாலில் அப்படியல்ல. எறிந்து உதவியவரின் கணக்கில் அதற்கென்று ஓர் எண் ஏறிவிடும். அந்த ஆட்டத்தின் பதிவு முறையை வளர்த்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து, முதலில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் என்பது வேடிக்கைதான்.

மட்டை பிடித்ததற்கான எண்கள் இருக்கின்றன. முதல் இன்னிங்ஸில் லால் சிங் 15. இரண்டாவதில் தோல்வி நெருங்கிய வேளையில் அமர் சிங்கும் அவரும் எட்டாவது விக்கெட்டுக்கு வேகமாக 74 ஓட்டங்கள் சேர்த்தார்கள். அமர் சிங்கின் 51, டெஸ்டில் ஓர் இந்தியர் அடித்த முதல் அரைச்சதம். லால் சிங் 29. இங்கிலாந்து 259, எட்டு விக்கெட்டுக்கு 275. இந்தியா 189, 187. கூட்டிக் கழித்துப் பாருங்கள், தோல்வி 158 ஓட்டங்களில்.

அதன்பின் அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு வரவில்லை. இந்தியாவில் தெற்குப் பஞ்சாப் அணிக்கு ஆடினார். பிறகு பிறந்த மண்ணுக்கே திரும்பினார். 1985 நவம்பரில், கோலாலம்பூரிலேயே காலமானார்.

ஆயர் தாவார் வட்டாரத்துத் தோட்டத் திடல்களில் மாலை நேரங்களில் பந்தாடிய நம் தாத்தாக்களுக்கு ஓர் அட்டைகூட இல்லை. யார் எத்தனை கோல் போட்டார் என்பது அவரவர் வீட்டுப் பேச்சோடு சரி. லால் சிங்குக்கு அட்டை இருக்கிறது: ஆட்டம் 1, ஓட்டம் 44, சராசரி 22, கேட்ச் 1. வுல்லியை வீழ்த்திய அந்த எறிதல் இந்த நான்கு எண்களில் எதிலும் சேரவில்லை.