மனு கொடுத்ததோடு நிறுத்தாத முத்துலட்சுமி ரெட்டி!

ஆன்லைன் மனு எதிலாவது பெயர் போட்டிருக்கீங்களா? கண்டிப்பா போட்டிருப்பீங்க. லிங்க்கை ரெண்டு குரூப்ல ஷேர் பண்ணிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பீங்க. அந்த மனு அப்புறம் என்ன ஆச்சு?

நம்மில் பலருக்குத் தெரியாது. கோரிக்கை வைப்பது எளிது. அது சட்டமாகவோ அரசாணையாகவோ மாறும் வரை கூடவே நடப்பதுதான் கஷ்டம். இன்றைக்குத் தொண்டு நிறுவனங்களில் இதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள். அரசோடு பேசுவது, மசோதாவைப் படிப்பது, எம்.எல்.ஏ-க்களைச் சந்திப்பது எல்லாம் அவர்களுக்கு மாதச் சம்பள வேலை. அப்படி ஒரு வேலைக்குப் பெயரே இல்லாத காலத்தில் அதைச் செய்த ஒருவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால், டாக்டராக மட்டும்தான் தெரிந்திருக்கும்.

முத்துலட்சுமி ரெட்டி. 2019-ல் கூகுள் டூடுலில் வந்தாரே, அவரேதான்.

டாக்டர் எப்படி சபைக்குள் வந்தார்?

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா கல்லூரி முதல்வர். அம்மா இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். வழக்கமான கதை இதோடு முடிந்துவிடும். நாம் பார்க்க வேண்டியது இதற்குப் பிறகுதான்.

1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் சுருக்கம் டபிள்யூ.ஐ.ஏ. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா போன்றவர்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று இவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1921-ல் சென்னை மாகாணத்தில் ஓட்டு கிடைத்தது. ஆனால், ஓட்டுப் போடலாமே தவிர, சபையில் உட்கார முடியாது. அந்தக் கதவு 1926-ல்தான் திறந்தது.

அப்போது லண்டனில் மேல்படிப்பு முடித்துத் திரும்பியிருந்தார் முத்துலட்சுமி. சங்கம் அவர் பெயரை முன்மொழிந்தது. வைத்தியம் கெட்டுப்போகுமே என்று முதலில் தயங்கினாலும், ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரானார். சபையின் துணைத் தலைவராக அவரை எல்லோரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இங்கே ஒன்றை கவனிங்க. அவருக்குப் பின்னால் கட்சி எதுவும் இல்லை. இருந்தது ஒரு பெண்கள் சங்கம். வெளியே சங்கம் கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, அரசுக்கு எழுதும். உள்ளே இவர் அதையே சபையின் மொழியில் பேசுவார்.

முதல்ல நிலம், அப்புறம் தடை!

சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். இதுதான் அவர் கையில் எடுத்த பெரிய பிரச்னை. அம்மா வழி உறவுகள் வாழ்ந்த வாழ்க்கை அது. அதனால் அவருக்கு இது வெறும் ஃபைல் கிடையாது.

தடைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து கைதட்டு வாங்கியிருக்கலாம். அவர் முதலில் பார்த்தது நிலத்தை. கோயில் பணிக்கு ஈடாகப் பல தேவதாசிப் பெண்களிடம் இனாம் நிலம் இருந்தது. பணியை விட்டால் நிலம் போய்விடும். சோறு போடும் நிலத்தை விட்டுவிட்டு யார் வெளியே வருவார்கள்? ஆகவே, இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கேட்டார். 1929-ல் அது நிறைவேறியது. கோயில் பணி செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே என்றானது.

அதன் பிறகு, பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை 1930-ல் கொண்டுவந்தார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியே எதிர்த்தார். தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினரும் சங்கமாகத் திரண்டு அரசுக்கு மனு கொடுத்தார்கள். எங்கள் கலையும் சொத்துரிமையும் என்ன ஆகும் என்பது அவர்களுடைய கேள்வி. அது நியாயமான கேள்விதான். அந்தச் சட்டம் அவர்களிடமிருந்து எதையெல்லாம் பறித்தது என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். இன்னொரு பக்கம், அதே வாழ்க்கையிலிருந்து வெளியே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தடையை ஆதரித்து ஊர் ஊராகப் பேசினார்.

அதே 1930-ல் காந்தி கைது செய்யப்பட்டார். முத்துலட்சுமி பதவியை ராஜினாமா செய்தார். கையில் இருந்த ஒரே மைக்கைத் தானே கீழே வைத்தார். மசோதா கிடப்பில் விழுந்தது. அது சட்டமானது 1947-ல். நடுவில் 17 வருஷம்!

அந்த 17 வருஷம் அவர் சும்மா காத்திருக்கவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சில சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கின. இவர் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். அடையாறில் இன்றும் பள்ளிகளோடு இயங்குகிறது. சட்டம் வந்தாலும் வெளியே வருகிற பெண்ணுக்குப் படுக்க ஓர் இடம் வேண்டுமே! அதைச் சட்டப்புத்தகம் தராது என்று அவருக்குப் புரிந்திருந்தது.

12 படுக்கைகள்

அடுத்தது புற்றுநோய். அவருடைய தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்திருந்தார். அந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அப்போதிருந்தே மனதில் இருந்தது. ஆனால், புற்றுநோய் வந்தால் பிழைக்க மாட்டார்கள், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று நினைத்த காலம் அது. அரசிடமிருந்து உற்சாகமான பதில் வரவில்லை.

மறுபடியும் அதே சங்கத்தைத்தான் துணைக்கு அழைத்தார். 1949-ல் மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். மக்களிடம் நிதி திரட்டிக்கொண்டே அரசின் கதவையும் தட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அப்போது அவருக்கு வயது 67. அடுத்த வருஷமே டாக்டர் சாந்தா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அதன் பிறகு நடந்தது நீங்க அறிந்த வரலாறு.

1968-ல் முத்துலட்சுமி காலமானார். பிறந்த நாளான ஜூலை 30-ஐத் தமிழக அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது. கர்ப்பிணிகளுக்கான நிதியுதவித் திட்டமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. உங்க அக்காவோ அண்ணியோ அதில் பணம் வாங்கியிருக்கலாம்.

இவரிடமிருந்து நாம எடுத்துக்க என்ன இருக்கு? அரசிடம் கேட்பதையும், கேட்டது கிடைக்கும் வரை தன்னால் முடிந்ததைச் செய்வதையும் அவர் ரெண்டு வேலையாகப் பார்க்கவில்லை. மசோதா கிடப்பில் கிடந்தபோது இல்லம் ஓடியது. அரசு யோசித்துக்கொண்டிருந்தபோது உண்டியல் நிறைந்தது. பதவி போன பிறகும் சங்கம் இருந்தது.

அடுத்த முறை அடையாறு பக்கம் போனால் புற்றுநோய் மருத்துவமனையின் முழுப் பெயரைப் படிச்சுப் பாருங்க. கடைசியில் அடைப்புக்குறிக்குள் மூன்று எழுத்துகள் இருக்கும்: டபிள்யூ.ஐ.ஏ. 1917-ல் பெண்களுக்கு ஓட்டு கேட்ட அதே சங்கம்தான் அது.

அப்புறம், நீங்க கடைசியா பெயர் போட்ட அந்த மனு என்ன ஆச்சுன்னு ஒருமுறை தேடிப் பாருங்களேன்.